பிளாட்டினத்துக்கு வலை உண்டு. தொழிலாளியின் மூச்சுக்கு என்ன உண்டு?

"பிளாட்டினத்தில் மோதிரம் செய்து விரலில் போட்டுக்கொள்கிறார்கள். கல்யாணப் பெண்ணுக்குச் சங்கிலி போடுகிறார்கள். அதில் என்னப்பா விஷம் இருக்கப் போகிறது?"

இப்படிக் கேட்டிருக்கிறார் கிள்ளான் பக்கத்துப் பட்டறை ஒன்றின் சூப்பர்வைசர். கேட்கப்பட்டவன் நம் பிள்ளை. அவன் தாயார் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். காண்டா வாளி தூக்கித் தோள் காய்த்துப்போனவர். தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. பிள்ளை பட்டறைக்குப் போய்விட்டான். பழைய கார்களின் புகைக்குழாயில் இருக்கும் சுத்திகரிப்புப் பெட்டியை உடைத்து, உள்ளே இருக்கும் பீங்கானைப் பொடியாக்கி, ஆசிட்டில் ஊறவைத்து, அதிலிருந்து பிளாட்டினத்தைப் பிரித்தெடுக்கும் வேலை. ஆறு மாதம் ஒன்றுமில்லை. ஏழாவது மாதத்தில் தும்மல், மூக்கொழுகல், கண்ணரிப்பு. பிறகு நெஞ்சு இறுக்கம். பிறகு இரவில் இழுப்பு. "தீபாவளி லீவில் ஒரு வாரம் வீட்டில் இருந்தான் அண்ணே, நன்றாகத் தூங்கினான். திங்கட்கிழமை வேலைக்குப் போனான், அன்றைக்கு ராத்திரியே விசில் அடிக்கிற மாதிரி மூச்சு" என்று அந்தத் தாயார் எங்கள் முன் உட்கார்ந்து சொன்னார்.

படிக்காத அந்தத் தாயார் கண்டுபிடித்ததை, படித்த நிர்வாகம் கண்டுபிடிக்கவில்லை! லீவில் தணிந்து வேலையில் கிளம்பும் இழுப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்க டாக்டர் பட்டம் வேண்டுமா?

சூப்பர்வைசர் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். குளோரின் என்பது நெஞ்சைப் பொசுக்கும் புகை. முதல் உலகப் போரில் அதைத் திறந்துவிட்டு மனிதர்களைக் கொன்றார்கள். நாம் சோற்றில் போடும் உப்பிலும் குளோரின் இருக்கத்தான் செய்கிறது. "உப்பைத் தின்கிறாயே, குளோரின் புகையை மோந்தால் என்ன?" என்று அவர் கேட்பாரா? கேட்கமாட்டார். ஒரு பொருள் வேறொன்றோடு சேரும்போது அதன் குணமும் வேறாகிவிடுகிறது. மோதிரத்துப் பிளாட்டினம் உலோகம். அது சாதுவானது, காற்றிலும் துருவேறாது, தனி ஆசிட்டுக்கும் அசையாது. ஆனால் உப்பு ஆசிட்டு மூன்று பங்கும் நைட்ரிக் ஆசிட்டு ஒரு பங்கும் கலந்த இராஜ திராவகத்தில் போட்டால் கரையும். கரைந்து உண்டாவதுதான் குளோரோபிளாட்டினிக் ஆசிட். ஆரஞ்சும் பழுப்பும் கலந்த நிறம். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். தோலில் பட்டால் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் கண்ணுக்கே ஆபத்து. அதனோடு நவச்சார உப்பைச் சேர்த்தால் மஞ்சள் நிறப் பொடியாக அடியில் படியும். அந்த மஞ்சள் பொடியை உலர்த்திச் சூடேற்றினால் மீண்டும் உலோகம் கிடைக்கும். ஆபத்து இந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் இருக்கிறது. ஆசிட்டின் ஆவித் துளியும், மஞ்சள் உப்பின் தூசியும் மூக்கில் ஏறும் இடம் அது. மோதிரம் போட்டவர் அந்த இடத்துக்கு வருவதே இல்லை. நம் பிள்ளை எட்டு மணி நேரம் அங்கேதான் நிற்கிறான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமா? இல்லை. 1911ஆம் ஆண்டிலேயே, பிளாட்டின உப்புத் தடவிய புகைப்படத் தாளைக் கையாண்ட சிக்காகோ தொழிலாளரிடம் மூக்கு எரிச்சலும் மூச்சுத்திணறலும் கண்டு எழுதி வைத்தார்கள். 1945ஆம் ஆண்டில் லண்டன் டாக்டர் டொனால்டு ஹன்டரும் அவரோடு இருவரும் நான்கு பிளாட்டினச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குள் போய்ப் பார்த்தார்கள். 91 தொழிலாளரைச் சோதித்தார்கள். 52 பேருக்கு நோய் அறிகுறி! பாதிக்கு மேல்! காரணம் பிளாட்டினத்தின் கூட்டு உப்புகளே என்று தொழில் மருத்துவப் பத்திரிகையில் அச்சடித்து வெளியிட்டார்கள். அந்த வருஷம் மலாயாவில் ஜப்பான்காரன் சரணடைந்த வருஷம். அதன் பிறகு நாடு சுதந்திரம் அடைந்து, ரப்பர் போய் செம்பனை வந்து, செம்பனைக்கும் ஆள் வெளிநாட்டிலிருந்து வந்து, எண்பது வருஷம் ஓடிவிட்டது. இன்றைக்கும் ஒரு பட்டறையில் ஒரு சூப்பர்வைசர் மோதிரக் கதை சொல்கிறார் என்றால், அவருக்குத் தெரியாது என்று நாம் நம்ப வேண்டுமா? அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அவருக்குச் சொல்லாமல் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

எந்த அளவு தூசி உள்ளே போனால் ஆபத்து? அமெரிக்கச் சட்டமும் பிரிட்டிஷ் சட்டமும் கரையும் பிளாட்டின உப்புக்கு வைத்திருக்கும் எல்லை, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் இரண்டு மைக்ரோகிராம். மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. வேலை செய்யும் மனிதன் எட்டு மணி நேரத்தில் ஏறக்குறைய பத்துக் கன மீட்டர் காற்றை இழுத்து விடுகிறான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாள் முழுவதற்கும் இருபது மைக்ரோகிராம். சாப்பாட்டு மேசையிலுள்ள தூள் உப்பில் ஒரே ஒரு பொடி சுமார் அறுபது மைக்ரோகிராம் எடை இருக்கும். அதை மூன்றாக உடைத்து ஒரு துண்டை எடுத்தால் அதுதான் ஒரு நாள் முழுவதற்கும் எல்லை! கண்ணுக்குத் தெரியாத இந்த அளவை, வாயில் கட்டிய துணித்துண்டு தடுக்குமா? துடைப்பத்தால் கூட்டினால் எத்தனை நாள் பங்கு ஒரே வீச்சில் எழும்பும்?

இதைவிட மோசமான செய்தி ஒன்று உண்டு. ஒருவன் உடம்பு ஒருமுறை இந்த உப்புக்கு விழித்துக்கொண்டுவிட்டால், பிறகு இந்த எல்லை அவனைக் காப்பாற்றாது. எல்லைக்குக் கீழே இருக்கும் துளியே போதும், இழுப்பு கிளம்பிவிடும். விழித்துக்கொள்ள சிலருக்குச் சில வாரம், சிலருக்குச் சில வருஷம். அதுவரை ஒன்றும் தெரியாது. தெரிந்த பிறகும் தொடர்ந்து அங்கேயே நிறுத்தினால், வேலையை விட்ட பின்னும் இழுப்பு விடாமல் ஒட்டிக்கொள்ளலாம். ஆகவே "இன்னும் இரண்டு மாதம் பார்ப்போம்" என்று ஒரு நிர்வாகம் சொன்னால், அந்த இரண்டு மாதம் தொழிலாளியின் நெஞ்சிலிருந்து கழிக்கப்படுகிறது என்று அர்த்தம்.

இப்போது முதலாளிமாரின் இன்னொரு கைவரிசையைப் பார்ப்போம். பிளாட்டினத்தின் மேல் அவர்களுக்கு உள்ள பாசம் சாதாரணமானதல்ல. உரத்துக்கு வேண்டிய நைட்ரிக் ஆசிட்டு தயாரிக்கும் ஆலைகளில், அம்மோனியாவை எரிக்கப் பிளாட்டினமும் ரோடியமும் கலந்த கம்பி வலையை விரித்திருக்கிறார்கள். (நம் தோட்டங்களில் நீர்ப்பால் உறையாதிருக்க ஊற்றுகிறோமே, அதே அம்மோனியாதான்.) சூட்டில் அந்த வலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிளாட்டினம் ஆவியாகிப் பறந்துபோகிறது. விட்டுவிடுகிறார்களா? பறந்துபோவதைப் பிடிக்கக் கீழே பல்லேடியத்தில் இன்னொரு வலை கட்டுகிறார்கள்! விலையுயர்ந்த உலோகம் பிரிக்கும் ஆலைகளில் தரை கூட்டிய குப்பையைக்கூட எறிவதில்லை. சேர்த்து வைத்து எரித்து, உள்ளே இருக்கும் உலோகத்தை மீட்கிறார்கள். எடை போடுகிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள்.

அப்படியானால் கேட்கிறோம். தரையில் விழுந்த தூசியைக் கிராம் கணக்கில் எடைபோடத் தெரிந்த உங்களுக்கு, அந்தத் தூசி தரையில் விழுவதற்கு முன் காற்றில் இருந்தது என்பது தெரியாதா? காற்றில் இருந்தபோது அதை யார் சுவாசித்தார்கள் என்பது தெரியாதா? உலோகம் வீணாகாமல் வலை கட்டப் பணம் இருக்கிறது. மூச்சு வீணாகாமல் உறிஞ்சுகுழாய் வைக்கப் பணம் இல்லையா?

இந்த உப்பே கூடாது, ஆலையை மூடு என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது விவரமில்லாத பேச்சு. குளோரோபிளாட்டினிக் ஆசிட்டிலிருந்துதான் காரின் நச்சுப்புகையைக் குறைக்கும் பெட்டிக்கான வினையூக்கிகள் பலவும் பிறக்கின்றன. பெட்ரோல் தரத்தை உயர்த்தும் ஆலைகளில் 1949ஆம் ஆண்டு முதல் பிளாட்டினம் வேலை செய்கிறது. மின்முலாம் பூசவும் அது வேண்டும். நமக்கு வேடிக்கையாக இருக்கும் ஒரு செய்தி: மரத்திலிருந்து வராத ரப்பரான சிலிக்கோனைப் பதப்படுத்தவும் பிளாட்டினமே வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் குழந்தையின் பால்புட்டிக் காம்பு நம் மரத்துப் பாலில் செய்யப்பட்டது. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் சிலிக்கோன் காம்புகளில் பல, பத்து இலட்சத்தில் சில பங்கு பிளாட்டினத்தால் பதமானவை. நம் பால்மரத்துக்குப் போட்டியாக வந்தது என்பதற்காக அதன்மேல் நமக்குக் கோபமில்லை. குழந்தை வாயில் வைக்கும் பொருள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று எத்தனை சோதனை! அதைச் செய்ய வினையூக்கி கலக்கும் தொழிலாளியின் மூச்சுக்கு எத்தனை சோதனை?

பாதுகாப்பாகச் செய்ய முடியாதா? முடியும். எல்லாப் பிளாட்டின உப்பும் ஒரே மாதிரி கடிப்பதில்லை என்பதும் நிரூபணமாகிவிட்டது. குளோரின் அணுக்களைக் கட்டிக்கொண்டிருக்கும் குளோரோபிளாட்டினேட்டு வகைதான் கொடியது. அம்மோனியாவைக் கட்டிக்கொண்ட டெட்ராஅம்மீன் வகை உப்பைக் கையாண்ட தொழிலாளரை இருபது வருஷம் மருத்துவக் கண்காணிப்பில் வைத்துப் பார்த்து, அது அப்படிக் கடிப்பதில்லை என்று 1999ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். மாற்ற முடிந்த இடத்தில் உப்பை மாற்றலாம். மாற்ற முடியாத இடத்தில் மூடிய பாத்திரத்துக்குள்ளே வேலையை வைத்துக்கொள்ளலாம். ஆவி கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்றி வடிகட்டலாம். மஞ்சள் உப்பை எப்போதும் ஈரமாகவே வைத்துக் கையாளலாம். உலர விட்டால்தான் தூசி. சிந்தினால் உடனே ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துடைப்பம் தொடக் கூடாது, காற்றடித்து ஊதவே கூடாது. கையுறை, கண்ணாடி, முகத்தோடு பொருந்தும் தகுந்த வடிகட்டி மூச்சுக்கவசம். வேலைச்சட்டை ஆலையிலேயே கழற்றப்பட்டு ஆலையிலேயே துவைக்கப்பட வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவி துவைத்தால் அவள் மூக்கிலும் அதே உப்பு. மருந்தடித்த சட்டையோடு லயத்துக்கு வந்து பிள்ளையைத் தூக்கிய காலம் நமக்கு மறந்துவிடவில்லை.

சேர்ந்த நாளிலும், அதன் பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறையும் தோலில் ஒரு துளி வைத்து ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனை உண்டு. உடம்பு உப்புக்கு விழித்துக்கொண்டதா என்று இழுப்பு வருமுன்பே அது காட்டிவிடும். நல்ல சோதனை. ஆனால் நல்ல சோதனையை வைத்தே தொழிலாளியின் வயிற்றில் அடிக்கவும் முடியும். அந்தக் கதையைத்தான் நம் தோழர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் ஜான்சன் மத்தே என்ற பெரிய கம்பெனி, கார் வினையூக்கி தயாரிப்பது. அங்கே தொழிலாளர் மூவருக்குத் தோல் சோதனை உப்பைக் காட்டிக்கொடுத்தது. ஆலையைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் கம்பெனி தன் கடமையில் தவறியதால் வந்த வினை. மூவருக்கும் இன்னும் இழுப்பு வரவில்லை. ஆனால் பிளாட்டின உப்பு இருக்கும் இடத்தில் இனி அவர்கள் வேலை செய்ய முடியாது. அதனால் வருமானம் போயிற்று. வழக்குப் போட்டார்கள். கம்பெனி வக்கீல்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "இவர்களுக்கு இழுப்பில்லை, வலியில்லை, ஆகவே காயமே இல்லை. போனது பணம் மட்டும்தான். அதற்கு நஷ்டஈடு கிடையாது!" என்றார்கள். 2014இல் கீழே தோல்வி. 2016இல் மேல்முறையீட்டிலும் தோல்வி. மூவரும் விடவில்லை. 2018ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் தேதி பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள்: உடம்பு மாறிவிட்டது, அந்த மாற்றத்தால் ஒருவன் முன்பு செய்த வேலையைச் செய்ய இயலாமல் போய்விட்டது, அது காயம்தான், நஷ்டஈடு கேட்கலாம்.

வலியில்லாவிட்டால் காயமில்லையாம்! தொழிலாளியின் கையும் நெஞ்சும்தானே அவன் சொத்து? அதைக்கொண்டு இனி அந்தக் கூலி சம்பாதிக்க முடியாது என்று ஆக்கிய பிறகு, "உனக்கு எங்கே வலிக்கிறது, காட்டு" என்று கேட்பது எப்படிப்பட்ட நியாயம்? அந்தத் தீர்ப்பு அந்நிய நாட்டுத் தீர்ப்புதான்; நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்த வாதம் அந்நிய வாதமல்ல. நாளைக்கு நம் பிள்ளைக்கு எதிராகவும் அதே வாதத்தை மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ ஒருவர் வந்து படிப்பார்.

"உன் உடம்பு வாகு அப்படி" என்பது இரண்டாவது வாதம். "நீ சிகரெட் பிடிக்கிறாய்" என்பது மூன்றாவது. இதில் மூன்றாவதை நாங்கள் மறைக்க மாட்டோம். பிளாட்டின ஆலைகளில் புகைபிடிப்பவருக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு பலமடங்கு கூடுதல் என்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். ஆகவே அந்த வேலையிலுள்ள தம்பிமாரே, பெட்டியைத் தூக்கி எறியுங்கள். கம்பெனிக்காக அல்ல, உங்களுக்காக. ஆனால் நிர்வாகத்துக்கு ஒரு கேள்வி: புகைபிடிப்பவன் தெருவில் ஆயிரம் பேர் இருக்கிறான், பிளாட்டின உப்பு அவன் நெஞ்சில் எப்படி ஏறவில்லை? சிகரெட் கதவைத் திறந்திருக்கலாம். உள்ளே நுழைந்தது உங்கள் உப்பு.

சட்டம் இல்லாத நாடல்ல இது. வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டம் 1994இல் வந்தது. அபாயமான இரசாயனங்களைப் பற்றிய விதிகள் 2000ஆம் ஆண்டில் வந்தன. இரசாயனப் பட்டியல் வைக்க வேண்டும், ஆபத்தை மதிப்பிட வேண்டும், காற்றை அளக்க வேண்டும், தொழிலாளிக்கு மருத்துவக் கண்காணிப்பு வேண்டும், அந்தப் பதிவை முப்பது வருஷம் காக்க வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. சட்டத்தைத் திருத்தி 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். முதலாளியின் கடமைத் தவறுக்கு ஐம்பதாயிரம் வெள்ளியாக இருந்த அபராதத்தின் உச்சம் ஐந்து இலட்சம் வெள்ளியாயிற்று. உடனடி ஆபத்து என்று நியாயமாகக் கருதினால் இடத்தை விட்டு விலகும் உரிமையும் தொழிலாளிக்குத் தரப்பட்டது. நாற்பது பேருக்குக் குறையாத இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும்; முறையிட்டவனைப் பழிவாங்கக் கூடாது; கவசத்துக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. தொழில்வழி வந்த நோய்க்கு 1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் சொக்சோவிடம் கேட்கலாம். 2019 முதல் வெளிநாட்டுத் தோழர்களுக்கும் அது உண்டு.

ஏட்டில் எல்லாம் இருக்கிறது. நம் பிள்ளை வேலை செய்யும் பட்டறையில் பதினேழு பேர். குழு இல்லை. காற்றை யாரும் அளந்ததாக அவனுக்குத் தெரியாது. ஜாடியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. சட்டம் கேட்பது அந்த இரண்டு மொழிதான். பக்கத்தில் நிற்பவர்கள் வங்காளதேசத்துக்காரரும் நேப்பாளத்துக்காரரும். மண்டை ஓட்டுப் படம் இருந்தாலாவது புரியும்; இதில் உள்ளது ஒரு மனிதன் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மாதிரி ஒரு படம். அது "மூச்சுக்கு ஒவ்வாமை உண்டாக்கும்" என்பதைக் குறிக்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

இதில் தொழிற்சங்கத்துக்கும் பங்கு உண்டு. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தோட்டத்தில் ஆர்சனிக் மருந்தடித்த காலத்தில் நாம் கூலிக்கு மட்டும் போராடினோம். பிறகு பாராகுவாட் வந்தது. மருந்தடித்த நம் பெண்களின் நகம் உதிர்ந்தது, மூக்கில் இரத்தம் வந்தது. 2002இல் அதை ஒழிப்பதாக முடிவு, 2006இல் தளர்வு, 2020 சனவரி 1ஆம் தேதிதான் முழுத் தடை. பதினெட்டு வருஷம்! அந்தப் பதினெட்டு வருஷத்தில் எத்தனை பெண்கள் முதுகில் தொட்டி சுமந்தார்கள்! தோட்டத்தை விட்டுப் பட்டறைக்குப் போன பிள்ளைகளை "அவன் நம் அங்கத்தினன் அல்ல" என்று நாம் விட்டுவிட்டால், அதே பதினெட்டு வருஷம் வேறொரு பெயரில் திரும்பி வரும்.

ஆகவே அந்தத் தாயாரிடமும் பிள்ளையிடமும் பேசி, ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். நிர்வாகத்திடம் நான்கே விஷயம் கேட்டிருக்கிறான். அந்த ஆசிட்டின் பாதுகாப்பு விவரத்தாளின் நகல். காற்றளந்த கணக்கு. கம்பெனிச் செலவில் தொழில் சுகாதார டாக்டரிடம் சோதனை. சோதனையில் உப்பு காட்டிவிட்டால், அதே கூலியில் உப்பில்லாத வேறு வேலை. கடைசி வேண்டுகோளின் கீழ் நாங்களே கோடு போட்டோம். சோதனைக்குப் போனால் வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் அந்தப் பட்டறையில் மற்றவர்கள் இருமலை விழுங்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

கடிதம் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. பதில் வரவில்லை. சூப்பர்வைசர் மட்டும் அவனைக் கூப்பிட்டு, "யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டாராம். நாங்கள்தான் எழுதிக் கொடுத்தோம். நகல் ஒன்று பாதுகாப்பு சுகாதார இலாகாவுக்கும் இந்த வாரம் பதிவுத் தபாலில் போயிருக்கிறது. இதே மாதிரி பட்டறையில் பிள்ளைகள் இருக்கும் தாய்தகப்பன்மார், ஜாடியில் உள்ள பெயரை எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை கிளை அலுவலகத்துக்கு வரவும். பெயர் எழுதத் தெரியாவிட்டால் கைப்பேசியில் படம் பிடித்துக் கொண்டுவந்தால் போதும்.